பழைய எம்எம் கார்ட்ரிட்ஜ்: வலப்பக்கம் மங்குகிறது. தூக்கிப் போடுவதா, சரிசெய்வதா?

மெல்லிசை33

வணக்கம். அப்பாவின் டர்ன்டேபிளைப் பல வருடங்களுக்குப் பிறகு பெட்டியிலிருந்து எடுத்தேன். பெல்ட் மாற்றியதும் வேகம் சரியாகிவிட்டது. இப்போது தகராறு கார்ட்ரிட்ஜில்தான், அதாவது ஊசியின் அசைவை மின்சாரமாக மாற்றும் பாகத்தில். எழுபதுகளில் வந்த எம்எம் (மூவிங் மேக்னட், காந்தம் ஆடும்) வகை. மேலிருந்த அச்சு முழுக்கத் தேய்ந்துவிட்டதால் பெயர் தெரியவில்லை. ஊசியைக் கையால் இழுத்துக் கழற்ற முடிகிறது.

வலப்பக்கம் எப்போதும் இடப்பக்கத்தைவிட மெலிந்து கேட்கிறது. அதோடு, ஹெட்ஷெல்லை (ஆர்ம் நுனியில் கார்ட்ரிட்ஜைப் பிடித்திருக்கும் பாகம்) லேசாகத் தொட்டால் வலப்பக்கம் சில நேரம் அடியோடு போய்விடும், மறுபடி தொட்டால் வந்துவிடும். தட்டின் கடைசிப் பாட்டு வரும்போது 'ச', 'ஸ' எழுத்துகள் எல்லாம் சீறுகின்றன. போதாததற்கு, தட்டு ஓடாதபோதும் ஒரு ஹம்மிங்.

பழைய ஊசி என்பதால் இப்படி இருக்கும் என்று பொருத்தமான மாற்று ஊசி ஒன்று வாங்கிப் போட்டேன். சீறல் கொஞ்சம் குறைந்தது. வலப்பக்கம் அப்படியேதான் இருக்கிறது. காயில் போய்விட்டது என்று அர்த்தமா? அப்பா கேட்ட அதே கார்ட்ரிட்ஜில் கேட்க வேண்டும் என்று ஆசை. அதனால்தான் புதிது வாங்காமல் இங்கே கேட்கிறேன்.

கருந்தட்டு

முதல் வேலை: சால்டரிங் அயர்னை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். இந்த இழை முடியும்வரை அது வேண்டாம்.

இரண்டாவது, காயில் போய்விட்டது என்று இப்போதே முடிவு கட்டாதீர்கள். எம்எம் கார்ட்ரிட்ஜில் காயில் சாவது அபூர்வம். நான் பிரித்துப் பார்த்தவற்றில் பெரும்பாலும் குற்றவாளி ஊசிப் பக்கத்தின் ரப்பர், இல்லாவிட்டால் பின்பக்கக் கவ்விகள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் ஒரே கோளாறு மாதிரித் தெரியவில்லை. இரண்டு மூன்று சேர்ந்து வந்திருக்கின்றன. ஒவ்வொன்றாகப் பிரித்தால்தான் பிடிபடும்.

ஆம்பிளிஃபயரின் பின்னால் இடது, வலது பிளக்குகளை மாற்றிச் செருகுங்கள். மெலிவு இடது ஸ்பீக்கருக்குப் போனால் ஆம்பிளிஃபயர் நல்லது, கோளாறு டர்ன்டேபிள் பக்கம். போகாவிட்டால் கார்ட்ரிட்ஜைத் தொடவே வேண்டாம்.

மெல்லிசை33

மாற்றிப் பார்த்தேன். மெலிவு இடது ஸ்பீக்கருக்குப் போய்விட்டது. தொட்டால் அறுந்துபோகும் கோளாறும் கூடவே போனது. அப்படியென்றால் டர்ன்டேபிள் பக்கம்தான், இல்லையா?

ஓம்விதி

ஆமாம். அடுத்து அதே சோதனையை ஹெட்ஷெல்லில் செய்ய வேண்டும். பிளக்குகளைப் பழையபடி மாற்றிவிட்டு இதைப் படியுங்கள். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், அவசரப்படாதீர்கள்.

எம்எம் கார்ட்ரிட்ஜை இரண்டு தனிப் பொருள்களாகப் பாருங்கள். ஹெட்ஷெல்லில் திருகி வைத்திருக்கும் உடம்பில் காயில்களும் அவற்றின் இரும்பு முனைகளும் மட்டும் இருக்கின்றன, அசையும் பாகம் எதுவும் இல்லை. நீங்கள் இழுத்துக் கழற்றும் ஊசியில்தான் வைரமுனை, அதைத் தாங்கும் மெல்லிய குழாயான காண்டிலீவர், குழாயின் பின்முனையில் ஒட்டிய ஒரு குட்டிக் காந்தம், இவற்றைப் பிடித்திருக்கும் ரப்பர் வளையம் எல்லாம் இருக்கின்றன. அந்தக் காந்தம் காயில் முனைகளுக்கு நடுவே ஆடுவதால்தான் மின்சாரம் வருகிறது. காந்தம் நட்டநடுவில் இல்லாவிட்டால் ஒரு பக்கம் கூடும், ஒரு பக்கம் குறையும். காயில் நூற்றுக்கு நூறு நன்றாக இருந்தாலும் இப்படி நடக்கும்.

பின்பக்கம் நான்கு பின்கள். வண்ணக் கணக்கு பெரும்பாலும் ஒன்றுதான்: வெள்ளை இடப்பக்க உயிர்முனை, நீலம் இடப்பக்கத் தரைமுனை, சிவப்பு வலப்பக்க உயிர்முனை, பச்சை வலப்பக்கத் தரைமுனை. ஹெட்ஷெல்லிலிருந்து வரும் கம்பிகளின் முனையில் சின்னக் கவ்விகள் இருக்கும். கம்பியைப் பிடித்து ஒருபோதும் இழுக்காதீர்கள், கவ்வியையே டிவீசரால் பிடித்து நேராக உருவுங்கள். கழற்றும் முன் ஊசியை எடுத்துப் பத்திரமாக வைத்துவிடுங்கள். பாதி ஊசிகள் இந்த வேலையில் கை தவறித்தான் உடைகின்றன.

இப்போது வெள்ளை, நீலம் இரண்டையும் வலப்பக்கப் பின்களிலும், சிவப்பு, பச்சை இரண்டையும் இடப்பக்கப் பின்களிலும் மாற்றிப் போட்டுக் கேளுங்கள். கோளாறு எதிர் ஸ்பீக்கருக்குத் தாவினால் அது கார்ட்ரிட்ஜில் இருக்கிறது. தாவாமல் அதே ஸ்பீக்கரில் நின்றால் கம்பியிலோ கவ்வியிலோ இருக்கிறது.

அப்புறம் நான்கு கவ்விகளையும் கழற்றிவிட்டு மல்டிமீட்டரை 2000 ஓம் அளவில் வைத்து, வெள்ளை-நீலம் பின்களுக்கு இடையே ஒரு அளவு, சிவப்பு-பச்சைக்கு இடையே ஒரு அளவு எடுங்கள். எம்எம் வகையில் சில நூறு ஓமிலிருந்து ஆயிரத்துச் சொச்சம் வரை வரும். ஒப்பிட ஒரு எண் வேண்டுமென்றால், ஷ்யூர் வி15 மூன்றாம் வகைக்குத் தயாரிப்பாளர் சொன்ன கணக்கு ஒரு பக்கத்துக்கு 1350 ஓம். உங்களுடையது எந்த எண்ணாக இருந்தாலும் கவலையில்லை, இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றாக வர வேண்டும். ஒரு பக்கம் எண்ணே வராவிட்டால்தான் காயில் அறுந்திருக்கிறது.

பழைய ரேடியோ

ஓம்விதி சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். எம்எம் காயிலை மீட்டரால் அளப்பதில் பயமில்லை. எம்சி (மூவிங் காயில், காந்தத்துக்குப் பதில் காயில் ஆடும்) வகையை இப்படி அளக்காதீர்கள். அதன் காயில் முடியைவிட மெல்லிய கம்பி, அது நேராகக் காண்டிலீவரோடு சேர்ந்திருக்கிறது. மீட்டர் தரும் மின்னோட்டமே அதை உதைக்கும்.

மெல்லிசை33

எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது. இரண்டு கோளாறும் பிரிந்துவிட்டன!

கம்பிகளை மாற்றிப் போட்டதும் மெலிவு இடது ஸ்பீக்கருக்குத் தாவியது. ஆனால் தொட்டால் அறுந்துபோவது வலது ஸ்பீக்கரிலேயே நின்றுவிட்டது. மீட்டரில் ஒரு பக்கம் 1342, இன்னொரு பக்கம் 1360 ஓம். அப்படியென்றால் காயில்கள் உயிரோடு இருக்கின்றன!

சிவப்புக் கவ்வியைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். உள்ளே பச்சையாக, பழைய செப்புப் பாத்திரத்தில் பிடிப்பது மாதிரி ஏதோ படிந்திருக்கிறது. பின்னில் போட்டாலும் கவ்வி லொடலொடவென்று ஆடுகிறது.

கருந்தட்டு

அறுந்துபோவதற்குக் காரணம் கிடைத்துவிட்டது. அந்தப் பச்சை செப்புத் துரு. கவ்விக்குள் பல்குத்தும் குச்சியின் கூர் நுனியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஒரு துளி தொட்டு, செருகிச் செருகித் திருப்புங்கள். குச்சியில் பச்சை வராத வரை செய்யுங்கள். பின்களையும் அதேபோல் துடையுங்கள். உப்புத்தாள் வேண்டாம், பின்னின் மேல்பூச்சு போய்விட்டால் துரு இன்னும் சீக்கிரம் பிடிக்கும். கான்டாக்ட் கிளீனர் இருந்தால் பஞ்சில் தொட்டுத் தடவுங்கள், கார்ட்ரிட்ஜ் மேல் நேராக அடிக்காதீர்கள்.

ஆட்டத்துக்கு: கவ்விக்குள் குச்சியைச் செருகி வைத்துக்கொண்டே வெளியிலிருந்து டிவீசரால் மெதுவாக அழுத்துங்கள். குச்சி உள்ளே இருப்பதால் கவ்வி நசுங்காது, வேண்டிய அளவுக்கு மட்டும் இறுகும். பின்னில் வைத்தே அழுத்துகிற பழக்கம் சிலருக்கு உண்டு. பின் உள்ளே ஆடி, அதில் சுற்றியிருக்கும் காயில் முனை அறுந்தால் பிறகு ஒன்றும் செய்ய முடியாது.

அயர்னை ஏன் உள்ளே வைக்கச் சொன்னேன் என்பதும் இதனால்தான். நான் ஒரு முறை ஒரு நல்ல கார்ட்ரிட்ஜின் பின்னிலேயே கம்பியைப் பற்றவைத்தேன். மூன்றே விநாடி. பின்னின் சூடு உள்ளே ஏறி, பிளாஸ்டிக் இளகி, பின் சாய்ந்து, அந்தப் பக்கம் ஊமையாகிவிட்டது. இன்றும் அதை நினைத்தால் மனசு கஷ்டப்படுகிறது. கவ்வியில் கம்பியைப் பற்றவைக்க வேண்டியிருந்தால், கவ்வியைக் கார்ட்ரிட்ஜிலிருந்து கழற்றி, தனியாக வைத்துப் பற்றவையுங்கள். ஆறிய பிறகு மாட்டுங்கள்.

ஓம்விதி

மெலிவு இன்னும் பாக்கி. காயில் நல்லது, கோளாறு கார்ட்ரிட்ஜில் இருக்கிறது, அப்படியானால் மிச்சம் ஊசிதான். அதன் காந்தம் நடுவில் நிற்கவில்லை.

பழைய ஊசியிலும் இதே மெலிவு இருந்தது என்கிறீர்கள். இரண்டு வேறு ஊசிகள் ஒரே பக்கமாகத் தவறுகின்றன என்றால் எனக்கு ஊசி செருகும் துளை மேல்தான் சந்தேகம். ஊசியைக் கழற்றி, உடம்பில் அந்தச் சதுரத் துளையின் வாயை வெளிச்சத்தில் பாருங்கள். அப்படியே ஊசியைச் செருகிய பின் முன்பக்கமிருந்து ஒரு படம் எடுத்துப் போடுங்கள். காண்டிலீவர் நேராக நிற்கிறதா, ஊசியின் பிளாஸ்டிக் உடம்போடு ஒட்டி உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பழைய ரேடியோ

நடுவில் ஒரு யோசனை. அந்தப் பழைய ஊசியைத் தூக்கிப் போட வேண்டாம். ரப்பர் இறுகியிருந்தால் பிரேக் ஆயில் ஒரு துளி விட்டு ஓர் இரவு வைத்தால் இளகிவிடும். நான் இரண்டு ஊசியில் செய்திருக்கிறேன், அதற்கப்புறம் நன்றாகவே பாடின.

கருந்தட்டு

பழைய ரேடியோ அண்ணா, மரியாதையோடு மறுக்கிறேன். நானும் செய்து பார்த்தவன்தான். முதல் வாரம் அருமை. பிறகு ரப்பர் ஊதி, தொய்ந்து, கார்ட்ரிட்ஜின் வயிறு தட்டில் உரசியது. எந்த ஊசிக்கு எந்த ரப்பர் என்று நமக்குத் தெரியாது. ஒன்று இளகும், ஒன்று ஊதும், இன்னொன்று கரைந்து தார் மாதிரி ஆகிவிடும். அந்த எண்ணெய் காண்டிலீவர் வழியாக நடந்து வைரத்தை ஒட்டியிருக்கும் பசை வரை போனால் முனையே கழன்றுவிடும். வேறு மாற்று ஊசியே கிடைக்காது, இது போனாலும் பரவாயில்லை என்ற நிலையில் மட்டும் கையில் எடுங்கள். மெல்லிசைக்கு அந்த நிலை இல்லை.

பழைய ரேடியோ

தம்பி சொல்வதை ஏற்கிறேன். என்னுடைய இரண்டும் வேறு ஊசியே கிடைக்காத வகைதான். அதைச் சொல்லாமல் விட்டது என் தவறு.

ஓம்விதி

ரப்பர் இறுகிவிட்டதா, தொய்ந்துவிட்டதா என்பதை மருந்து போடும் முன் தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டும் எதிரெதிர் நோய்.

தொய்வைக் கண்ணால் பார்க்கலாம். ஊசி தட்டில் அழுத்தும் எடையைச் சொன்ன அளவில் வைத்து, ஊசியைத் தட்டில் இறக்கி, தட்டோடு கண்மட்டத்தில் குனிந்து பாருங்கள். கார்ட்ரிட்ஜின் அடிவயிறு தட்டை முட்டும் அளவுக்கு இறங்கினால் ரப்பர் போய்விட்டது.

இறுக்கம் கண்ணுக்குத் தெரியாது, கணக்கில் தெரியும். ஆர்மும் கார்ட்ரிட்ஜும் சேர்ந்து ஒரு ஸ்பிரிங்கில் தொங்கும் எடை மாதிரி. 159 என்ற எண்ணை, மொத்த எடையை (கிராமில்) ரப்பர் எவ்வளவு வளைந்துகொடுக்கும் என்று காட்டும் நெகிழ்வு எண்ணால் பெருக்கி வந்ததன் வர்க்கமூலத்தால் வகுத்தால் அதன் இயல்பு அதிர்வு கிடைக்கும். ஆர்மின் அசையும் எடை 12 கிராம், கார்ட்ரிட்ஜ் 6 கிராம், நெகிழ்வு 25 என்று வைத்துக்கொண்டால் 7.5 ஹெர்ட்ஸ். அதே ரப்பர் இறுகி நெகிழ்வு 8-க்கு வந்துவிட்டால் 13 ஹெர்ட்ஸுக்கு மேல் போய்விடும். 8-க்கும் 12-க்கும் நடுவில் இருப்பது நல்லது. கீழே போனால் தட்டின் நெளிவு ஆர்மை ஆட்டும். மேலே போனால் ஆழமான பாஸ் வரும் இடத்தில் ஊசி தாங்காமல் நடுங்கும், பள்ளத்தின் சுவரைத் தேய்க்கும். ஒவ்வொரு அதிர்வெண்ணாக ஒலிக்கும் சோதனைத் தட்டு இருந்தால், அந்த இயல்பு அதிர்வு வரும்போது ஹெட்ஷெல் நடுங்குவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

வீட்டிலேயே செய்யக்கூடிய இன்னொரு சோதனை: மேஜை விளக்கைச் சற்றுத் தள்ளி வைத்து, டர்ன்டேபிளைச் சுற்றிக் கதகதப்பாக்கி, பத்து நிமிடம் கழித்து அதே பாட்டைப் போடுங்கள். குளிரில் கரகரத்தது கதகதப்பில் தெளிந்தால் ரப்பர் இறுகியிருக்கிறது என்று நிச்சயமாகச் சொல்லலாம்.

வால்வுக்காரர்

இழையைத் திசைதிருப்புவதற்கு மன்னிக்கவும். என்னிடம் இருப்பது இன்னும் பழசு. ஒரு பக்கம் எல்பிக்கு, மறுபக்கம் நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய தட்டுக்கு என்று ஊசியைத் திருப்பிப்போடும் கார்ட்ரிட்ஜ். ஒலி கிசுகிசுப்பாகத்தான் வருகிறது. மீட்டரில் காயில் அளவே வரவில்லை. இதற்கும் வழி உண்டா?

பழைய ரேடியோ

உங்களுடையதில் காயிலே கிடையாது, அதனால்தான் மீட்டரில் ஒன்றும் வரவில்லை. அது கிரிஸ்டலாகவோ செராமிக்காகவோ இருக்கும். ஒரு மெல்லிய தகட்டை வளைத்தால் மின்னழுத்தம் தரும், அதுதான் வேலை செய்யும் முறை.

எது என்று தெரிந்துகொள்வது முக்கியம். கிரிஸ்டல் என்றால் உள்ளே ரோஷெல் உப்பு. நிஜமாகவே தண்ணீரில் கரையும் உப்பு. ஈரக்காற்றில் கரையும், 55 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் கெட்டுவிடும். வெயிலில் நின்ற காருக்குள் ஒரு மதியம் இருந்தாலே போதும். கெட்ட கிரிஸ்டலை மீட்க முடியாது. உள்ளே அதே அளவு செராமிக் தகடு வைத்துத் திரும்பக் கட்டித் தருபவர்கள் இருக்கிறார்கள், அதுதான் வழி.

செராமிக் என்றால் நம்பிக்கை இருக்கிறது. செராமிக் தகடு சாமானியத்தில் சாகாது. ஊசிக்கும் தகட்டுக்கும் நடுவே அசைவைக் கடத்தும் ஒரு குட்டி ரப்பர் நுகம் இருக்கும். அது கல்லாக இறுகியோ பிசினாக உருகியோ போயிருக்கும். உருகிவிட்டால் ஊசி ஆடும், தகட்டுக்கு ஒன்றும் போய்ச்சேராது, நீங்கள் சொன்ன அதே கிசுகிசுப்பு. உயிர் இருக்கிறதா என்று பார்க்க, ஆம்பிளிஃபயர் சத்தத்தைக் குறைத்து வைத்து, ஊசியைக் கழற்றி, நுகம் இருந்த இடத்தை வண்ணம் தீட்டும் தூரிகையின் ஒரு மயிரால் தொடுங்கள். ஸ்பீக்கரில் 'டொக்' என்று பலமாகக் கேட்டால் தகடு உயிரோடு இருக்கிறது. பழைய பிசினை முழுக்கத் துடைத்துவிட்டு, மெல்லிய சிலிகான் குழாயில் ஒரு துண்டு வெட்டி நுகமாக வைத்து இரண்டைப் பேச வைத்திருக்கிறேன்.

ஆம்பிளிஃபயரில் எம்எம்முக்கான போனோ உள்ளீட்டில் (டர்ன்டேபிளுக்கென்றே இருக்கும் செருகுமிடம்) இதைச் செருகாதீர்கள். எம்எம் தருவது சில மில்லிவோல்ட், இது தருவது அதைப்போல பல மடங்கு. 47 கிலோ ஓம் சுமையில் பாஸ் முழுக்க வடிந்துவிடும், ஒரு மெகா ஓம் அளவுக்காவது உள்ளீடு வேண்டும். 78 தட்டுக்கு எல்பி ஊசியையும் போடாதீர்கள். ஸ்டீரியோ எல்பிக்கான உருண்டை முனையின் ஆரம் 0.7 மில் (ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), 78-க்கு ஏறக்குறைய 3 மில். சின்ன முனை அந்த அகலப் பள்ளத்தின் அடியில் உருண்டு புழுதியைத்தான் பாடும்.

மெல்லிசை33

படங்களைப் போட்டுவிட்டேன். கவ்வியைச் சுத்தம் செய்ததும் அறுந்துபோகும் கோளாறு போயே போய்விட்டது. ஹெட்ஷெல்லைத் தட்டினாலும் ஒலி நிற்கவில்லை. கருந்தட்டுக்கு நன்றி.

ஊசித் துளையைப் பார்த்தேன். ஓம்விதி சொன்னது சரி. துளையின் வாயில் வலப்பக்க ஓரமாகக் கறுப்பாக ஏதோ அப்பியிருக்கிறது. தொட்டால் ஒட்டுகிறது. ஊசியைச் செருகினால் ஒரு பக்கம் ஒட்டி உட்காருகிறது, மறுபக்கம் ஒரு தாள் நுழையும் இடைவெளி.

கருந்தட்டு

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அந்தக் கறுப்பு பழைய ஊசியின் ரப்பர். உருகி வழிந்து துளைக்குள் ஒட்டிக்கொண்டிருக்கிறது. புது ஊசியும் அதன் மேலேயே ஏறி உட்கார்ந்து ஒரு பக்கமாகச் சாய்கிறது, உள்ளே காந்தமும் சாய்கிறது. முன்பக்கப் படத்தில் காண்டிலீவர் இடப்பக்கமாகச் சாய்ந்திருப்பது வெறும் கண்ணுக்கே தெரிகிறது.

உலர்ந்த மரக்குச்சியைக் கத்தியால் தட்டையாகச் சீவி, அதை வைத்து முதலில் சுரண்டி எடுங்கள். உலோகம் எதுவும் வேண்டாம். பிறகு குச்சி நுனியில் கொஞ்சமாகப் பஞ்சு சுற்றி, ஆல்கஹால் தொட்டுப் பிழிந்துவிட்டுத் துடையுங்கள். துளைக்குள் ஆல்கஹால் ஓடக்கூடாது, ஈரப்பதம் மட்டும் இருக்க வேண்டும். கார்ட்ரிட்ஜைத் துளை கீழே பார்க்கும்படி பிடித்துக்கொண்டு செய்தால் கழன்று வரும் அழுக்கு உள்ளே போகாது.

நூல்முனை

இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். என்னுடையது எம்சி. இடப்பக்கம் ஒலியே இல்லை. பழைய ரேடியோ எச்சரிக்கையைப் படிக்கும் முன்பே மீட்டரில் பார்த்துவிட்டேன், அந்தப் பக்கம் ஒன்றும் காட்டவில்லை. இதையும் வீட்டில் சரிசெய்யலாமா?

ஓம்விதி

மன்னிக்கவும், எம்சியில் அறுந்த காயிலை வீட்டில் கட்ட முடியாது. ஒரு எடுத்துக்காட்டு: ஜப்பானிய ஒலிபரப்பு நிறுவனமான என்எச்கேவுக்காக அறுபதுகளில் வந்த டெனான் டிஎல்-103, இன்றும் தயாரிப்பில் இருக்கிறது. அதன் காயில் 40 ஓம், அது தருவது 0.3 மில்லிவோல்ட்தான். இதிலேயே கம்பி அவ்வளவு மெலிசு. காயில் அறுந்தால் முழுக்கப் பிரித்து மறுபடி சுற்றித் தரும் வல்லுநரிடம்தான் போக வேண்டும். முதலில் கவ்விகளையும் பின்களையும் சுத்தம் செய்து பாருங்கள், அதுவே காரணமாகவும் இருக்கலாம்.

கழற்றும்போது இரும்பு ஸ்க்ரூடிரைவரை ஊசிப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். எம்சியின் காந்தம் பலமானது. ஸ்க்ரூடிரைவர் கையிலிருந்து துள்ளி முனையில் போய் மோதும். பித்தளைத் திருகும் காந்தத்தில் ஒட்டாத கருவியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஊசி மாற்ற வேண்டி வந்தாலும் எம்சியில் அதை நாமாக இழுத்துக் கழற்ற முடியாது. காண்டிலீவரை வெட்டிப் புதிது ஒட்டும் வேலை அதே வல்லுநர்களுடையது.

இன்னொரு எச்சரிக்கை, இது எல்லோருக்கும். 1982-இல் வந்த ஷ்யூர் வி15 ஐந்தாம் வகை போன்ற சில கார்ட்ரிட்ஜ்களின் காண்டிலீவர் பெரிலியம். முறிந்த துண்டை அரத்தால் தேய்க்கவோ நசுக்கவோ வேண்டாம். அந்தத் தூள் மூச்சில் போனால் நுரையீரலுக்குக் கேடு.

மெல்லிசை33

நேற்று மாலை உட்கார்ந்து செய்தேன். கறுப்புப் பிசின் கடுகளவுதான் இருந்தது, ஆனால் எடுக்க முக்கால் மணி நேரம் ஆனது. கடைசித் துணுக்கு வரும்போது குச்சி நுனியில் நூல் மாதிரி இழுபட்டது. பிறகு ஊசியைச் செருகியதும் 'க்ளிக்' என்று ஒரு சத்தம். இதுவரை அந்தச் சத்தத்தை நான் கேட்டதே இல்லை. இரண்டு பக்கமும் ஒட்டி உட்கார்ந்துவிட்டது.

ஒரு மோனோ தட்டைப் போட்டேன். குரல் இரண்டு ஸ்பீக்கருக்கும் சரியாக நடுவில் நின்றது. மெலிவு இல்லை. வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டு உட்கார வைத்தேன்.

மிச்சம் இரண்டு. ஹம்மிங் போகவில்லை, டோன்ஆர்மின் உலோகத்தைத் தொட்டால் மாறுகிறது. கடைசிப் பாட்டில் சீறல் பாதி குறைந்திருக்கிறது, முழுக்கப் போகவில்லை. உயர் ஒலிகளும் கொஞ்சம் கூர்மையாக இருக்கிற மாதிரி தோன்றுகிறது.

கருந்தட்டு

உங்கள் படத்திலேயே ஒன்று கண்ணில் பட்டது. பச்சைப் பின்னிலிருந்து கார்ட்ரிட்ஜின் உலோக உறைக்கு ஒரு சின்னத் தகடு போகிறதே, அது வலப்பக்கத் தரைமுனையை உறையோடு இணைக்கிறது. உங்கள் ஹெட்ஷெல் உலோகம் என்பதால் ஆர்மின் தரைக்கம்பி ஒரு வழியாகவும் இது இன்னொரு வழியாகவும் தரைக்குப் போகின்றன. இரண்டு வழி இருந்தால் வளையம் உண்டாகி ஹம்மிங் வரும். அந்தத் தகட்டை மெதுவாகப் பின்னிலிருந்து உருவிவிட்டுக் கேளுங்கள். கூடினால் திரும்பப் போட்டுவிடலாம், அதனால் தூக்கி எறியாதீர்கள்.

சீறலுக்கு, தட்டின் உள்வட்டத்தில் பள்ளம் நெருக்கி எழுதப்பட்டிருப்பது ஒரு காரணம், அங்கே ஊசிக்குக் கஷ்டம் அதிகம். கார்ட்ரிட்ஜைத் துளைகளில் முன்னும் பின்னும் நகர்த்தி, கார்ட்ரிட்ஜின் கோணம் பார்க்கும் அளவு அட்டையில் இரண்டு புள்ளியிலும் கோட்டோடு நேராக நிற்கிறதா என்று பாருங்கள். எடையை அனுமதித்த அளவின் மேல்முனைக்குக் கொண்டுபோங்கள். குறைந்த எடை தட்டைக் காப்பாற்றும் என்பது தவறான எண்ணம். பள்ளத்தில் பிடிமானம் இல்லாமல் துள்ளும் ஊசிதான் சுவரை அதிகம் சிதைக்கும்.

அப்படியும் சில தட்டில் மட்டும் சீறினால், அது பழைய ஊசி ஏற்கெனவே அந்தத் தட்டில் செய்துவிட்ட காயம். அதற்கு மருந்து இல்லை. அந்தப் பழைய ஊசியை நுண்ணோக்கியில் பாருங்கள். முனையின் இரண்டு பக்கமும் கண்ணாடித் துண்டு மாதிரி தட்டையாக மின்னினால் அது தேய்ந்த வைரம், இனி அது ஊசி இல்லை, உளி.

ஓம்விதி

கூர்மைக்கு மின்தேக்கம் (கெப்பாசிட்டன்ஸ்) பாருங்கள். காயிலின் தூண்டமும் (இண்டக்டன்ஸ்), கேபிள், ஆம்பிளிஃபயர் இவற்றின் மொத்த மின்தேக்கமும் சேர்ந்து உயர் ஒலியில் ஒரு மேடு உண்டாக்கும். 500 மில்லிஹென்றி காயிலுக்கு 450 பிகோஃபாரட் சுமை என்றால் அந்த மேடு 10,600 ஹெர்ட்ஸை ஒட்டி விழும், 200 பிகோஃபாரட் என்றால் 15,900-க்கு ஏறிவிடும். வி15 மூன்றாம் வகைக்கு 400 முதல் 500 வரை கேட்டார்கள். ஆடியோ டெக்னிகா தன் விஎம் வகைக்கு 100 முதல் 200 வரைதான் கேட்கிறது. ஒருவருக்குப் பொருந்துவது இன்னொருவருக்குப் பொருந்தாது. உங்கள் போனோ பகுதியில் மின்தேக்கம் மாற்றும் சுவிட்ச் இருக்கிறதா?

மெல்லிசை33

சுவிட்ச் இருக்கிறது, மூன்று நிலை. 100, 200, 300 பிகோஃபாரட். இதுவரை 100-இல் இருந்தது. 300-இல் வைத்ததும் வயலினின் விளிம்பு மென்மையாகிவிட்டது, நாலைந்து தட்டு போட்டுக் கேட்டு அங்கேயே விட்டுவிட்டேன். கேபிளோடு சேர்த்து ஏறக்குறைய 450 வரும் என்று நினைக்கிறேன்.

அட்டையில் வைத்துப் பார்த்தபோது கார்ட்ரிட்ஜ் மூன்று மில்லிமீட்டர் பின்னால் இருந்தது. முன்னால் நகர்த்தி, எடையைக் கால் கிராம் கூட்டினேன். சீறல் இப்போது இரண்டே தட்டில்தான். இரண்டும் அப்பா தேயத் தேயக் கேட்டவை. அவற்றை அப்படியே விட்டுவிடுகிறேன்.

அந்தச் சின்னத் தகட்டை உருவியதும் ஹம்மிங் நின்றுவிட்டது. அதை ஒரு குட்டி உறையில் போட்டு, மேலே 'பச்சைப் பின்' என்று எழுதி, டர்ன்டேபிளின் அடியில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

வால்வுக்காரர்

தூரிகை மயிரால் தொட்டேன். 'டொக்' என்று கேட்டது! சிலிகான் குழாய் என்ன அளவு வாங்க வேண்டும் அண்ணா?

பழைய ரேடியோ

வாங்கும் முன் தகட்டின் தடிமனை அளந்து சொல்லுங்கள். குழாயின் உள்விட்டம் அதைவிட ஒரு பொடி குறைவாக இருக்க வேண்டும், அப்போதுதான் பசை இல்லாமலே பிடித்துக்கொள்ளும். படமும் போடுங்கள்.